ஏழு குஞ்சுகளைப் பற்றிய ஒரு திருத்தம்

அன்பு மகள் வசந்தாவுக்கு,

அரியலூரில் குடியிருப்பவனும், கால்நடைத் துறையில் கோழி வளர்ப்புப் பயிற்சி வகுப்புகள் நடத்துபவனும், சென்ற மாதத்தோடு ஐம்பது வயது நிறைந்தவனும், உன் தகப்பனுமாகிய அ. தங்கராசு என்னும் நான் இக்கடிதத்தை இரண்டு காரியங்களுக்காக எழுதுகிறேன். முதலாவது, உனக்கு நான் செலுத்தத் தவறிய நன்றியைச் செலுத்துவது. இரண்டாவது, ஆறு ஆண்டுகளாக என் கையெழுத்தில் நம் வீட்டு அலமாரியில் இருந்துவரும் ஒரு பொய்ப் பதிவைத் திருத்துவது. இரண்டையும் வாயால் சொல்லியிருக்கலாம். நேற்று அரியலூர் ரயில் நிலையத்தில் உன் பெட்டியையும் படுக்கையையும் ஏற்றிவிட்டு, வண்டி புறப்படும்வரை ஜன்னலோரம் நின்றேன். சொல்வதற்காகவே நின்றேன். ஆனால் உன்னிடம் மூன்று முறை பயணச்சீட்டைக் காட்டச் சொன்னதைத் தவிர வேறொன்றும் என் வாயிலிருந்து வரவில்லை. நீயும் மூன்று முறையும் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினாய். எழுத்தில்தான் எனக்கு நேராகப் பேச வரும் என்பது உனக்குத் தெரியும். இதை நீ மட்டும் படிக்க வேண்டியதில்லை. உன் விடுதித் தோழியர் படிக்கலாம். இங்கே என் வகுப்புக்கு வரும் பெண்கள் கேட்கலாம். மறைத்து எழுத வேண்டியதை எழுதும் காலம் எனக்குப் போய்விட்டது.

நீ இப்போது சேர்ந்திருப்பது சென்னையில், குழந்தைகள் மருத்துவமனையில், மாதம் நிறையாமல் பிறந்த சிசுக்களை வைத்துப் பார்க்கும் வார்டில். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நீ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உனக்கு நான் வழங்கிய அறிவுரை நினைவிருக்கும். "அந்த வார்டில் சூடுதான் உயிர். அன்றைக்குக் குஞ்சுகளைக் கைவிட்டதுபோல இங்கே விட்டுவிடாதே" என்றேன். நீ சிரித்துக்கொண்டே "சரிப்பா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனாய். அதே வாக்கியத்தை இந்த ஆறு ஆண்டுகளில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பயிற்சிக்காக நீ திருச்சிக்குப் போன நாளில் சொன்னேன். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நீ சொன்ன பதில் அந்த "சரிப்பா"தான். அதன் உள்ளே என்ன இருந்தது என்பது நேற்று காலை பத்து மணிக்குத்தான், நீ பெட்டிக்குப் பூட்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போன பிறகுதான், எனக்குத் தெரியவந்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதே முறை.

நீ ப்ளஸ் டூ முடித்து வீட்டில் இருந்த ஆண்டு அது. செவிலியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று கேட்டாய். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் தை மாதம் சேர்க்கை இருந்தது. நான் உடனே மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. உயிரைக் காக்கும் வேலைக்கு இரக்கம் மட்டும் போதாது, ஒழுங்கு வேண்டும், அந்த ஒழுங்கு உன்னிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். பண்ணையிலிருந்து பொரித்து ஒரு நாளே ஆன முப்பது வெள்ளை லெகார்ன் குஞ்சுகளை வாங்கித் தருவதாகவும், நான்கு வாரம் நீயே அவற்றை வளர்க்க வேண்டும் என்றும், மூன்றுக்கு மேல் இறந்தால் அந்த ஆண்டு விண்ணப்பம் கிடையாது என்றும் சொன்னேன். ஒரு நீல அட்டை நோட்டின் முதல் பக்கத்தில் இந்த நிபந்தனைகளை வரிசையாக எழுதி நான் கையெழுத்திட்டு, உன்னையும் கையெழுத்திடச் சொன்னேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெத்த புள்ளைக்கும் அப்பனுக்கும் நடுவுல பத்திரம் எழுதுற வூடு இந்த ஜில்லாவுலேயே இது ஒண்ணுதான்" என்றாள். நீ பேனாவை வாங்கி, "எழுதிட்டா அப்பா பேச்சு மாற மாட்டாரும்மா, நமக்குத்தான் நல்லது" என்று சொல்லிக் கையெழுத்திட்டாய். அந்த நம்பிக்கைக்கு நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

தாய்க்கோழி இல்லாமல் குஞ்சு வளர்க்க விளக்குதான் வழி என்று நான் கற்றேன், அப்படியே கற்பித்தேன். தகர மூடிக்குக் கீழே பல்பு. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட். முதல் வாரம் தொண்ணூற்றைந்து டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரத்துக்கு ஐந்தாகக் குறைக்க வேண்டும். இதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீ அப்படிச் செய்யவில்லை. உன் அம்மாவின் முதுகுவலிக்கு வந்த மின்சார ஒத்தட மெத்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். அந்த மெத்தை நம் வீட்டுக்கு வந்த கதையே தனி. லப்பைக்குடிக்காட்டில் ஜமால் பாயின் வெள்ளாடுகளுக்கு நான் தடுப்பூசி போடப் போய்வந்த நாட்களில் உன் அம்மாவின் முதுகுவலியைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்திருக்கிறது. துபாயிலிருந்து விடுப்பில் வந்த மகனிடம் சொல்லி ஒரு மெத்தையை வரவழைத்து, நேரே நம் வாசலில் கொண்டுவந்து நீட்டினார். சாம்பல் நிறம், தலையணை அளவு, வயரில் மூன்று படிச் சூட்டுக்கு ஒரு சிறிய சுவிட்ச். அரசு ஊழியன் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்று நான் விதியைச் சொன்னேன். "இது ஒங்களுக்கு இல்ல சார், எந் தங்கச்சிக்கு. தங்கச்சி என்ன கவர்மெண்டு ஆபீசரா?" என்றார் அவர். நான் மறுபடியும் தயங்கியதும், "இன்ஷா அல்லா முதுகுக்கு ஆகலன்னா ஆட்டுக்காச்சும் போட்டு வுடுங்க" என்று சொல்லித் தேநீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். ஆட்டுக்கல்ல, கோழிக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது. உன் அம்மா வறுத்த உப்பு மூட்டையே தனக்கு ஒத்துக்கொள்கிறது என்று பொய் சொல்லி அந்தத் துபாய் மெத்தையை உனக்கு விட்டுக்கொடுத்தாள். நம் வீட்டில் பொய் சொன்னவர்கள் இருவர். ஒருத்தி தன் சுகத்தைக் கொடுப்பதற்காகச் சொன்னாள். இன்னொருவன் நான்.

நீ அதை அமைத்த விதத்தை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஒரு தேயிலைப் பெட்டியில் கடலைத் தொலியைப் பரப்பினாய். பழைய கம்பி வலையைப் பாலம்போல் வளைத்து அதன் அடியில் மெத்தையைக் கட்டினாய். ஈரம் படாமல் ரப்பர் சீட்டைச் சுற்றி அதன்மேல் துணி தைத்தாய். பாலத்தின் முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் தாழ்வாகவும் இருக்கச் செங்கல் வைத்தாய். மேலே, ரெட்டிபாளையம் ஆலையிலிருந்து வந்த சிமெண்ட் சாக்கை மூன்று தண்ணீர் அலசிக் காயவைத்து இரண்டாக மடித்துப் போர்த்தினாய். குஞ்சுகள் உள்ளே போய் முதுகை மெத்தையில் உரசிக்கொண்டு உட்கார்ந்தன. பசித்தவை வெளியே வந்து தீவனம் கொத்திவிட்டுத் திரும்ப உள்ளே ஓடின. நான் அலுவலக வெப்பமானியைப் பெட்டியின் பக்கச் சுவரில் மாட்டிப் பார்த்தேன். எண்பத்து நான்கு காட்டியது.

"பதினோரு டிகிரி குறைகிறது. இது விதிக்கு ஒத்துவராது" என்றேன்.

"அது காத்துக்குள்ள சூடுப்பா. இது முதுகுல படுற சூடு. கோழி என்ன, ஊரையேவா காய வெக்கிது? அது வவுத்துக்குக் கீழ மட்டும்தானே சூடு?"

"கோழிக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை."

"அதான் நல்லா வளக்குது" என்று உன் அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் நோட்டில் எண்பத்து நான்கு என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை மழையில் கரண்டு போயிற்று. ஒன்றரை மணி நேரம் வரவில்லை. நான் பதறினேன். நீ சாக்கின் ஓரங்களை மட்டும் இழுத்து மூடிவிட்டு, பாலத்தின் முன்வாயில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, பேசாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். கரண்டு வந்த பிறகு திறந்து பார்த்தபோது முப்பதும் அப்படியே கிடந்தன. மெத்தையில் மிச்சமிருந்த சூடும் அவற்றின் சொந்தச் சூடும் அந்தச் சாக்குக்குக் கீழே தங்கியிருந்தன. விளக்குக்குக் கீழே வளரும் குஞ்சுகள் இரவும் பகலும் கண்மூடாமல் ஒன்றன் விரலை ஒன்று கொத்திக்கொண்டிருப்பதை நான் பண்ணையில் பலமுறை பார்த்திருக்கிறேன். உன் குஞ்சுகளில் ஒன்றின் விரலிலும் இரத்தம் இல்லை. பொழுது சாய்ந்ததும் அவை உறங்கின. இவ்வளவையும் கண்ணால் பார்த்தும் நான் நம்பியது சுவரில் தொங்கிய கண்ணாடிக் குழாயைத்தான்.

ஆறாம் நாள் பெரம்பலூரில் உன் சித்தி வீட்டில் காதுகுத்து. அம்மா சீர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முதுகுவலியோடு அவளைத் தனியாகப் பஸ்ஸில் அனுப்ப முடியாது. நீ துணைக்குப் போனாய். புறப்படும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னாய்: "மத்தியானம் சாப்புட வரப்ப ஒரு தடவ எட்டிப் பாருங்கப்பா. தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற எதையும் தொடாதீங்க, என்ன?" நான் தலையசைத்தேன். விதியை மீறாதவன் என்று துறையில் பெயரெடுத்த நான், எழுதப்படாத அந்த ஒரு விதியை ஆறு மணி நேரம்கூடக் காப்பாற்றவில்லை.

மதியம் வந்தேன். தண்ணீர் ஊற்றினேன். பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு குஞ்சும் வெளியே இல்லை. வெப்பமானி எண்பத்து நான்கிலேயே நின்றது. அந்த அமைதி எனக்கு அச்சமூட்டியது. பாலத்தைத் தூக்கிப் பார்த்தேன். முப்பது குஞ்சுகளும் தனித்தனியாக, இறக்கையைத் தளரவிட்டு, தொலிமேல் பரவிக் கிடந்து உறங்கின. ஒன்று மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. குஞ்சுகள் பரவிக் கிடந்தால் சூடு சரி, குவிந்து கிடந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு மிகுதி என்பது என் வகுப்புக் குறிப்பின் நான்காம் பக்கத்தில் என் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனையோ ஊர்களில் உரக்க வாசித்திருக்கிறேன். அன்று அது என் கண்முன் உயிரோடு கிடந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மெத்தையின் பிளக்கைப் பிடுங்கினேன். பாலத்தை வெளியே எடுத்தேன். துணிக்கு அருகே விளக்கு எரியக்கூடாது என்பது விதி. ஆகவே சாக்கையும் எடுத்தேன். ஆணியில் மாட்டியிருந்த தகர மூடி விளக்கைக் கொண்டுவந்து, அறுபது வாட் பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டேன். குஞ்சுகள் விழித்துக்கொண்டு கத்தின. கால் மணி நேரம் காத்திருந்தேன். வெப்பமானி தொண்ணூற்றைந்தைத் தொட்டது. நிறைவோடு கதவைப் பூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன்.

இரண்டரை மணிக்கு மழை பிடித்தது. அலுவலக விசிறி நின்றது. மாதாந்திர அறிக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். குஞ்சுகளின் நினைவு வராமல் இல்லை, வசந்தா. ஒருமுறை வந்தது. வீடு பத்து நிமிட நடை. ஆனால் ஐந்து மணிக்கு முன் இருக்கையை விட்டு எழ முன்னனுமதி வேண்டும். மேலதிகாரி வெளியூர் முகாமில் இருந்தார். கோழிக்குஞ்சுக்காக அனுமதி இல்லாமல் போவதா என்று உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது, கரண்டு திரும்பி வந்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் ஒரு மூலையில் எல்லாக் குஞ்சுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருந்தன. மேலே இருந்தவற்றைப் பிரித்து எடுத்தேன். அடியில் ஏழு கிடந்தன. நசுங்கி, மூச்சு முட்டி, தட்டையாக.

அடுத்து நான் செய்ததை ஒரு குறிப்பாணைக்கு விளக்கம் எழுதுவதுபோல் ஒளிக்காமல் எழுதுகிறேன். விளக்கை அணைத்துக் கழற்றி, பழைய ஆணியில் மாட்டினேன். மெத்தைப் பாலத்தை முன்பிருந்தபடியே வைத்தேன். சாக்கைப் போர்த்தினேன். பிளக்கைச் செருகினேன். நோட்டை எடுத்து, "ஆறாம் நாள். மெத்தையின் சூடு போதாமையால் குஞ்சுகள் குவிந்து ஏழு இறப்பு" என்று எழுதினேன். நேராக, பத்தி விட்டு, தெளிவாக எழுதினேன்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனால் நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உன் தாத்தா தா.பழூர்ப் பக்கத்து வயல்களில் ஆண்டுக் கூலிக்கு உழைத்தவர். எங்கள் தெருவிலிருந்து அரசு நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்தவன் நான். என் கோப்பில் ஒரு தவறு கண்டால், தங்கராசு தவறிவிட்டான் என்று சொல்ல மாட்டார்கள், இவர்களைக் கொண்டுவந்து வைத்தால் இப்படித்தான் என்பார்கள் என்ற பயம் முதல் நாளிலிருந்தே எனக்கு இருந்தது. விதிப் புத்தகம் எனக்குக் குடைபோல இருந்தது. அதன் கீழே நிற்கும்வரை என்மேல் ஒரு சொட்டும் படாது. கோழி வளர்ப்பைக் கற்பிப்பவன் வீட்டில், அவன் கையாலேயே, அவன் விளக்காலேயே ஏழு குஞ்சுகள் செத்தன என்பதை ஒரு தாளில்கூட எழுத என்னால் முடியவில்லை. இது காரணம்தான், நியாயம் ஆகாது. குடை எனக்கு இருந்தது. நனைந்தது நீ.

நோட்டை மூடிய ஓரிரு நிமிடத்தில், காதுகுத்து வீட்டுப் பலகாரப் பொட்டலத்தோடும் ஈரக் குடையோடும் நீங்கள் வந்தீர்கள். செய்தித்தாளில் வரிசையாக வைத்திருந்த ஏழையும் பார்த்தாய். மண்டியிட்டு உட்கார்ந்து மெத்தைக்கு அடியில் கையை விட்டாய். எழுந்து சுவரோரம் போய், தகர மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாய். துக்கத்தில் பிடிமானத்துக்காக நிற்கிறாய் என்று நினைத்தேன். பிறகு வந்து, நான் நீட்டிய நோட்டை வாங்கி, அந்தப் பதிவின் கீழே உன் கையெழுத்தைப் போட்டாய். நான் நிபந்தனையை நினைவூட்டினேன். "ஆமாப்பா, மூணுக்கு மேல போயிடுச்சு" என்றாய். அந்த ஆண்டு விண்ணப்பம் போகவில்லை. உன் வாழ்வில் ஓராண்டை நான் எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்த இருபத்து மூன்றையும் நீ அதே மெத்தையில்தான் வளர்த்தாய். பாலத்தை வாரத்துக்கு ஒரு செங்கல்லாக உயர்த்தினாய். ஒன்றுகூடச் சாகவில்லை, கோடையில் பெட்டைகள் எல்லாம் முட்டையிட்டன. என் மேற்பார்வையால் தேறின என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டேன். அடுத்த தையில் உன்னைப் பயிற்சிக்கு அனுப்பியபோது பெருந்தன்மை காட்டியதாகவும் நினைத்துக்கொண்டேன். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தா.பழூர் வகுப்பில் மாதாமாதம், "ஒரு வீட்டில் விளக்கை விட்டுவிட்டு மெத்தையை வைத்தார்கள், ஒரே நாளில் ஏழு குஞ்சுகள் போயின" என்று எச்சரிக்கைக் கதையாக உன்னைச் சொல்லிவந்தேன். சென்ற மாத வகுப்பில் செல்லம்மா என்ற பெண் முன்வரிசையிலிருந்து எழுந்தாள். "சார், எங்க கூரை வூட்ல பல்பு அறுந்து விழுந்து சாக்கு பத்திக்கிச்சு. புள்ள பக்கத்துல தூங்குறான் சார். நல்லவேள, பாத்துட்டேன். விளக்கு இல்லாம வேற வழி கெடையாதா?" என்றாள். "கிடையாதம்மா. விளக்கை இன்னும் பத்திரமாகக் கட்டுங்கள்" என்றேன். வேறு வழி என் வீட்டிலேயே வளர்ந்து முட்டையிட்டதை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை. நீ பூட்டு வாங்கப் போன பிறகு, உன் அம்மா உன் புடவைகளை மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"ஏங்க, அந்தக் குஞ்சுப் பேச்ச இனிமே அவகிட்ட பேசாதீங்க."

"நல்லதுக்குத்தானே சொல்கிறேன்."

"ஆறு வருசமா அந்த நல்லதக் கேட்டுட்டேன். போதும். அவளுக்குத் தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"மெத்தை சில்லுன்னு கெடந்துச்சு. தகரம் சுட்டுச்சு. வந்ததும் ரெண்டுலயும் கைய வெச்சுப் பாத்துட்டா."

ஆறு ஆண்டுகளாக ஒருவரும் அறியாதது என்று நான் பூட்டி வைத்திருந்த அறைக்குள் நீங்கள் இருவரும் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருந்திருக்கிறீர்கள். "நீயாவது அன்றே கேட்டிருக்கலாமே" என்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

"நான் கேக்கத்தான் வந்தேன். இவதான் கொல்லைப்பக்கம் இழுத்துட்டுப் போயி சத்தியம் வாங்கிட்டா. 'அம்மா, அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இன்னிக்கித்தான் மொதமொதல்ல சொல்றாரு. பாவம், வுட்டுரு. நாளைக்கி அவரு ஊர் ஊராப் போயி வகுப்பு எடுக்கணும்ல'ன்னா. இன்னிக்கி அவ வண்டி ஏறப் போறா. ஒரு சத்தியம் ஆறு வருசத்துக்குப் போதும்னு நெனச்சேன்."

வசந்தா, மெத்தையைத் தொட்டாய், தகரத்தைத் தொட்டாய், இரண்டு நொடியில் உண்மை முழுவதையும் தெரிந்துகொண்டாய். தெரிந்த பிறகும் அந்தப் பதிவின் கீழே கையெழுத்திட்டு, ஓராண்டை இழந்து, அதன்பின் ஒவ்வொரு முறையும் நான் குத்தியபோது "சரிப்பா" என்றாய். பதினேழு வயதில் உனக்கு இருந்த அந்தப் பெருந்தன்மைக்கு நான் நன்றி சொல்கிறேன். என்னை வெட்கப்பட வைக்காமல் காத்ததற்காக மட்டுமல்ல. என்னைப் பொய்யன் என்று எண்ணாமல், பொய் சொல்லத் தெரியாதவன் என்று எண்ணினாயே, அதற்காக. அந்த மதிப்பீட்டுக்கு நான் தகுதியானவன் இல்லை. ஆனால் இனித் தகுதியாகிக்கொள்ள அது எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. மீதி இருபத்து மூன்றை நீ கைவிடாமல் வளர்த்ததற்கும் நன்றி. தன் முதுகுவலியை மறைத்து மெத்தையைக் கொடுத்தவளுக்கும், இத்தனை காலம் வாய் திறக்காதிருந்து, திறக்க வேண்டிய காலையில் திறந்தவளுக்கும் நன்றி. அந்த மெத்தை மறுபடி அவளிடமே இருக்கிறது. அதன் ஓரத்தில் உன் குஞ்சுகள் கொத்திய துளை இன்னும் உண்டு. "இது எம் முதுகக் கொத்தாம இருந்தாச் சரி" என்று சொல்லிக்கொண்டு நேற்றும் வைத்துக்கொண்டாள். ஜமால் பாய்க்கு ஒரு தபால் அட்டை எழுத வேண்டும். மெத்தை யாருக்குப் பயன்பட்டது என்பதை அவருக்கு நான் சொல்லவே இல்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் உரிமையில் பெரும்பகுதியை நான் இழந்துவிட்டேன். ஆயினும் ஒன்றிரண்டைத் தகப்பன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். விதிகளை மதித்து நட. உன் வார்டில் அவை இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. வெப்பமானியைப் பார், எழுத வேண்டியதை எழுது. அதோடு நின்றுவிடாமல் அந்தச் சிசுவின் பாதத்தைத் தொட்டுப் பார். தொட்டுப் பார்க்கும் பழக்கம் உனக்கு இயல்பாகவே இருக்கிறது. மேலே எந்த அதிகாரி வந்தாலும் அதை விட்டுவிடாதே. என்றைக்காவது உன் கையால் ஒரு தவறு நேர்ந்தால், அன்றைய பக்கத்திலேயே அதை எழுதிவிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் அது ஆறு ஆண்டு ஆகும் என்பதை நான் கண்டவன். ஓர் உயிரைப் போய்ப் பார்க்க உன் இருக்கையை விட்டு எழ வேண்டும் என்று மனம் சொல்லும்போது, அனுமதி தர ஆள் இல்லையென்றாலும் எழுந்து போ. பத்து நிமிட நடைதான்.

பிழையான பதிவைச் சுரண்டி அழிப்பதோ தாளைக் கிழிப்பதோ முறையல்ல. பழைய எழுத்து படிக்கும்படி இருக்க ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, திருத்தியவர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். இக்கடிதத்தை உறையிலிட்டு ஒட்டியதும் நான் அந்த நீல நோட்டை எடுப்பேன். ஆறாம் நாள் பதிவின்மேல் சிவப்பு மசியில் ஒரு கோடு இழுப்பேன். "மெத்தையை எடுத்துவிட்டு நான் மாட்டிய விளக்கு, மின்தடையில் அணைந்ததால் ஏழு இறப்பு. வளர்த்தவர்மீது பிழை இல்லை" என்று எழுதி ஒப்பமிடுவேன். கீழே உள்ள உன் கையெழுத்தை நான் தொட மாட்டேன். அதை அடிப்பதா, அப்படியே விடுவதா என்பதைப் பொங்கலுக்கு நீ வரும்போது நீயே முடிவு செய்துகொள்.

நாளை காலை முதல் பஸ்ஸில் தா.பழூர் வகுப்புக்குப் போகிறேன். கம்பி வலையும், நான்கு செங்கல்லும், அலசிய சாக்கும் கட்டி வைத்துவிட்டேன். துபாய் மெத்தை எல்லார் வீட்டிலும் இருக்காது. அதற்குப் பதிலாக வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையைத் துணி சுற்றிக் கட்டலாம் என்று நேற்று மாலை சோதித்துப் பார்த்தேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீர் மாற்றினால் போதுகிறது. செல்லம்மா முன்வரிசையில் இருப்பாள். வருகைப் பதிவு முடிந்ததும் கரும்பலகைக்குப் போகாமல், குறிப்பைப் பிரிக்காமல், அவர்கள் முன்னால் வந்து நின்று, மாதாமாதம் நான் சொன்ன அந்த வீடு என் வீடு என்றும், அந்த விளக்கை மாட்டியவன் நான் என்றும் சொல்லித் தொடங்குவேன்.

உன் அப்பா,
அ. தங்கராசு